மணிமேகலை எங்கே? நாவல் படமாகும்போது எதைக் காப்பாற்றியாக வேண்டும்

2022 அக்டோபர் முதல் வாரத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய மாமியார் ஐம்பதுகளில் 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்த ஐந்து தொகுதிகள் இன்னும் அவர் பீரோவில் இருக்கின்றன. கல்யாணமாகி வந்த புதிதில் மத்தியான வேளைகளில் அதைத்தான் படித்தாராம், அதற்கப்புறம் எத்தனை முறை என்று அவருக்கே கணக்கில்லை. படம் தொடங்கியது. ராஷ்டிரகூடர்களோடு போர், குதிரைகள், புழுதி, ஆதித்த கரிகாலன். பெரியம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, ஏரி எங்கே?"

நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், இன்று நாம் வீராணம் என்று சொல்லும் அதே ஏரிக்கரையில், ஒரு வாலிபன் களைத்த குதிரையில் வருகிறான், எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துப் பிரமிக்கிறான், ஊர்ச் சனங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் பழுவேட்டரையரின் பரிவாரம் வருகிறது, சனங்கள் ஒதுங்குகிறார்கள், அங்கேதான் சோழ நாட்டு அரசியல் கதைக்குள் நுழைகிறது. கல்கி முதலில் மக்களைக் காட்டுகிறார், அப்புறம்தான் அதிகாரத்தை. படம் அதிகாரத்திலிருந்து தொடங்கியது. பெரியம்மா கேட்டது ஒரு லொக்கேஷனைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது, ஆனால் அதை யோசித்து முடிக்க ரொம்ப நாளாயிற்று.

நாவலைப் படமாக்கினால் ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. "புத்தகத்துல இப்படி இல்லையே" என்று ஒரு பக்கம். "சினிமா வேற மீடியம், அப்படியே எடுத்தா யார் பாப்பாங்க" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேரும் பேசுவது நியாயம்தான், ஆனால் இரண்டு பேருமே சம்பவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்: எது இருந்தது, எது போனது, எது மாறியது. அதனால் பேச்சு ஒரு கணக்கு வழக்காகி நின்றுவிடுகிறது.

சரி, அந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகம், 290-க்கும் மேல் அத்தியாயங்கள். எம்.ஜி.ஆர். 1958-லேயே பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கி, திரைக்கதை எழுத, பின்னாளில் இயக்குநரான மகேந்திரனைச் சென்னைக்கு அழைத்து, கடைசியில் எடுக்கவே முடியாமல் போனது ஊரறிந்த கதை. மணி ரத்னத்தின் இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம் வருகிறது. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த வேகத்தில் வாய்விட்டு அத்தியாயத் தலைப்பையும் முதல் பத்தியையும் படிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, அது தொடர்கதை. ஒவ்வொரு வாரமும் வாசகரை ஒரு முடிச்சில் நிறுத்திவிட்டுப் போக வேண்டிய கட்டாயத்தில் எழுதப்பட்டது. சுரங்கப்பாதைக் கதவு திறக்கும், புதருக்குள் இரண்டு கண்கள் தெரியும், தொடரும். ஏழு நாள் காத்திருக்கிறவருக்காகச் செய்த அந்தத் தையலை இருட்டில் இரண்டே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படியே கொடுக்க முடியாது. ஆகவே வெட்டுவது குற்றமில்லை, வெட்டாமல் வேலையே நடக்காது. எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுகிறோமா என்பதுதான் விஷயம்.

அதற்குள் போகுமுன் 'மூலம்' என்று நாம் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம். அதை அசையாத கல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பெரியம்மாவின் மனதில் இருக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் கல்கி மட்டும் கிடையாது, ஓவியர் மணியமும்தான். அந்தக் கொண்டை, நகை, புருவ வளைவு எல்லாம் மணியத்தின் தூரிகையில் வந்தவை. நம் பெரிய தொடர்கதைகள் பலவும் இப்படிப் படத்தோடுதான் வீட்டுக்குள் வந்தன. 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் பழைய விகடன் வாசகர்களுக்கு கோபுலுவின் கோடுகளும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். 1939-இல் 'தியாக பூமி' இன்னும் ஒரு படி மேலே போனது. கல்கி விகடனில் தொடரை எழுத, கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்க, தொடருக்குப் படமாக அச்சானவை அந்த சினிமாவின் ஸ்டில்கள். அதில் எது மூலம், எது தழுவல்?

கல்கியே ஒரு தழுவல்காரர்தான். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நம் கையில் இருப்பது காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்கள் அதில் இருக்கின்றன. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேலேயே சந்தேகப்பட்டார். கல்கி அந்தச் சந்தேகத்தை ஏற்காமல், பூக்கட்டி வாழும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை என்று ஒரு திருப்பத்தைக் கற்பனை செய்து, உத்தம சோழனைக் களங்கமில்லாத மனிதனாக அரியணையில் ஏற்றினார். அருள்மொழி தன் சிற்றப்பனுக்காக ஒதுங்கி நின்றான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் அவர் வளைத்தது.

ஜெயகாந்தன் கதை இதைவிடக் கூர்மையானது. 1966-இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரிய ரகளை ஆயிற்று. அப்புறம் அவர் அதே பெண்ணை எடுத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதியபோது, அம்மா அப்படிச் சொல்லவில்லை. கத்தி, அழுது, ஊரையே கூட்டிவிடுகிறாள். தண்ணீர் கொட்டும் முடிவு அந்த நாவலுக்குள் இன்னொரு எழுத்தாளர் எழுதிய கதையாக வருகிறது, அந்தப் பெண், கங்கா, அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதைக்குத் தானே உண்மையாக இருக்க மறுத்து, அந்த மறுப்பிலிருந்து ஒரு நாவலையே எழுப்பிய மனிதர் அவர். 1977-இல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தன்தான். நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. அந்தச் சிறுகதையை மட்டும் படித்தவர் படத்தைப் பார்த்து "கதையில இப்படி இல்லையே" என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் அதற்கு என்ன பொருள்?

எனக்கு இது இப்படித்தான் பிடிபட்டது. ஒவ்வொரு நல்ல நாவலும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு உலகத்தைப் பார்க்கிறது. யாருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எதைப் பார்த்துக் கண்ணை மூட மறுக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். சம்பவங்களை மாற்றினாலும் அங்கேயே நின்று பார்க்கிற படங்கள் இருக்கின்றன. சம்பவங்களை அப்படியே வைத்துக்கொண்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிடுகிற படங்களும் இருக்கின்றன. நகர்வதும் ஓர் உரிமைதான், ஆனால் நகர்ந்தால் வேறு எதையாவது அங்கிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பூமணி 1982-இல் எழுதியது. கரிசல் காடு. சிதம்பரம் என்று பதினைந்து வயசுப் பையன், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் வெட்ட நினைத்தவன், உயிரே போய்விட்டது. அதற்கப்புறம் எட்டு நாள் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். நாவல் அவ்வளவுதான். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் நடப்பது, தண்ணீர் தேடுவது, எங்கே படுப்பது என்று பார்ப்பது, கிடைத்ததை வேகவைப்பது, வீட்டில் இருப்பவர்களை நினைத்துக்கொள்வது. பையன் கேட்டுக்கொண்டே வருகிறான், அய்யா பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். அவன் குழந்தையா கொலைகாரனா என்று நமக்கும் பிடிபடாது, அவனுக்கும் பிடிபடாது. பூமணி அந்தப் பையன் கண் உயரத்திலிருந்து ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. நியாயம், சட்டம், சாதி எதையும் அவர் வாய்விட்டு விளக்குவதில்லை, வெயிலையும் முள்ளையும் விளக்குகிறார், மற்றதெல்லாம் நம் உடம்புக்குள் தானாக ஏறுகிறது.

அதைத் தழுவிய 'அசுரன்' 2019 அக்டோபரில் வந்தது. வெற்றிமாறன் மகனின் தோளிலிருந்து கேமராவை எடுத்து அப்பாவின் தோளில் வைத்துவிட்டார். தனுஷ் அப்பாவாக நடித்தால் அப்படித்தான் ஆகும் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், வியாபாரக் காரணம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதோடு நிறுத்துவது நியாயமாகாது. ஓடிக்கொண்டிருந்த கதையை நிறுத்தி, அந்த அப்பா சிவசாமியின் இளமைக் காலத்துக்கு ஒரு நீண்ட ஃப்ளாஷ்பேக் திறக்கிறது. அந்த உருவில் அது நாவலில் கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் வருகிறது, செருப்புப் போட்டதற்காக ஒரு பெண் அந்தச் செருப்பைத் தலையில் சுமந்து நடத்தப்படுகிறாள், குடிசைகளோடு சேர்த்து ஆட்களைக் கொளுத்துகிறார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்ததை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. நாவல் சொல்லாமல் விட்டதையெல்லாம் படம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கடைசியில் அப்பா மகனுக்குச் சொல்லும் அந்தப் படிப்பு வசனம், காட்டையும் காசையும் பறித்துக்கொள்வார்கள், படிப்பைப் பறிக்க முடியாது என்பது, பூமணியின் நாவலிலிருந்து வந்ததில்லை.

இதில் எனக்கு நஷ்டமும் தெரிகிறது, லாபமும் தெரிகிறது. நஷ்டம் பெரியது. ஃப்ளாஷ்பேக் வந்ததும் சிதம்பரம் சிறுத்துவிடுகிறான். அவன் செய்த கொலை அப்பாவின் பழைய கதைக்கு ஒரு முன்னுரை மாதிரி ஆகிவிடுகிறது. பதினைந்து வயசில் ஓர் உயிரை எடுத்துவிட்டு அடுத்த நாள் காலையில் பசிக்கிறதே என்று வெட்கப்படுகிற ஒரு மனசு, அதுதான் 'வெக்கை', அது படத்தில் இல்லை. அடங்கிப் போகிறவர்போல் இருந்த அப்பா அடித்து எழும்போது தியேட்டர் விசிலடிக்கிறது. நாவலைப் படிக்கும்போது எந்த இடத்திலும் விசிலடிக்கத் தோன்றாது. லாபம், பஞ்சமி நிலம் என்ற சொல். அந்தப் படம் வந்த வாரங்களில் டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் அந்தச் சொல்லை அத்தனை பேர் பேசினார்கள், முதல் முறையாகக் கேட்ட இளைஞர்களும் நிறைய. இடம் நகர்ந்த படம் நகர்ந்த இடத்திலிருந்து உருப்படியாக ஒன்றைப் பார்த்துச் சொன்னது. அதனால் 'அசுரன்' நாவலைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன், 'வெக்கை' இன்னும் படமாகவில்லை என்றுதான் சொல்வேன். யாராவது ஒருநாள் அந்தப் பையனோடு மட்டும் எட்டு நாள் நடந்து ஒரு படம் எடுக்கட்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தமான தழுவல் வேறொன்று. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' பிச்சைக்காரர்களைப் பெற்று, வாங்கி, விற்கும் ஒரு தொழிலைப் பற்றிய நாவல். போத்திவேலு பண்டாரம் அந்தத் தொழிலைச் செய்கிறவர், மனிதர்களை 'உருப்படி' என்று எண்ணுகிறவர். படிக்கிறவரைத் தூங்கவிடாத விஷயம் என்னவென்றால், அவர் நல்ல அப்பா. மகள்களின் கல்யாணக் கவலையில் உருகுகிறவர், முருகன் முன்னால் கண்ணீர் விடுகிறவர். வீட்டுக்கு வளையல் வாங்கும் அதே கையால் ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துக் கொடுக்கிறார், அவருக்கு அதில் ஒன்றும் உறுத்துவதில்லை. நாவல் நிற்கும் இடம் அதுதான். அந்த மனிதரைப் படித்துக்கொண்டிருக்கும்போது நம் வீட்டு வரவு செலவு நம் கண்முன் வந்து நிற்கும், நானும் இப்படி எதையாவது பார்க்காமல் விட்டுக்கொண்டிருக்கிறேனா என்று.

பாலா 2009-இல் 'நான் கடவுள்' எடுத்தபோது நாவலின் ஒரு பகுதியை எடுத்து, காசியிலிருந்து வரும் ஓர் அகோரியின் கதையோடு சேர்த்தார். தாண்டவன் என்று ஒரு முதலாளி, பார்த்தவுடன் பயம் வரும் உருவம். அவன் கொடூரன், அவனை அழிக்க ஒருவன் வருகிறான், அழிக்கிறான். பிச்சைக்காரர்களாக நடித்தவர்களின் சிரிப்பும் கேலியும் நாவலின் உயிரிலிருந்து வந்தவை, அந்தக் காட்சிகளுக்காகவே படம் எனக்கு முக்கியமானது, பாலாவுக்கு சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்ததிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வில்லன் அரக்கனாக மாறிய அந்த நிமிஷத்தில் பார்வையாளருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அரக்கன் வேறு ஜாதி, நான் வேறு ஜாதி என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நாவல் அந்த நிம்மதியைக் கடைசிப் பக்கம் வரை தரவில்லை. இத்தனைக்கும் படத்துக்கு வசனம் ஜெயமோகனேதான். எழுத்தாளர் கூடவே உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எழுத்தாளர் உட்கார்ந்திருப்பார், பண்டாரம் இருக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிரே மகேந்திரன் நிற்கிறார். உமா சந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலை முழுசாகப் படிக்கவே இல்லை, விஞ்ச் ஆபரேட்டர் காளி கையை இழக்கும் பகுதி மனசைப் பிடித்துக்கொண்டது, அங்கிருந்து தன் திரைக்கதையை எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகிறது, படத்தில் லாரி. இது சின்ன மாற்றம் மாதிரித் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. புலி அடித்துக் கை போனால் அது ஒரு வீரக் கதை, ஊரே பேசும், காளி அதைச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளலாம். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன் மேல் லாரி ஏறிக் கை போனால் அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அவமானம் மட்டும்தான் மிச்சம். ஒரு கை போனபின் எஞ்சியிருக்கும் திமிரை வைத்து ஒருவன் என்ன செய்வான் என்ற கேள்வி அந்த லாரியினால்தான் கூராகிறது. கடைசியில் மலைப்பாதையில் தங்கச்சி கல்யாணக் கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள், அவன் ஜெயித்துவிட்டான், ஜெயித்தபின் அவனே அவளைக் கூட்டிப்போய் அவள் விரும்பிய எஞ்சினியரிடம் ஒப்படைத்து, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். நாவலின் வரிகளைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த மலைப்பாதைக்கு மகேந்திரன் வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

அடுத்த வருஷம், 1979, 'உதிரிப்பூக்கள்'. மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்று படத்தில் பெயர் போட்டார். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் ஒட்டும் சம்பவங்கள் மிகக் குறைவு. தாயில்லாப் பிள்ளைகள், வீட்டுக்குள் வரும் இன்னொருத்தி, இதைத் தாண்டி எல்லாம் மகேந்திரனுடையது. ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றுக்குள் இறங்கவைக்கும் அந்த முடிவு புதுமைப்பித்தனில் இல்லை. ஆனாலும் இதைவிட உண்மையான தழுவல் தமிழில் குறைவு என்று நினைக்கிறேன். பெரியவர்கள் தங்கள் ஆசையையும் வன்மத்தையும் தீர்த்துக்கொண்டிருக்கும்போது முழங்கால் உயரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே ஒரு குழந்தை, 'சிற்றன்னை' அங்கேதான் நிற்கிறது. 'உதிரிப்பூக்கள்' முடியும்போது கேமரா யாரைப் பார்க்கிறது? ஆற்றங்கரையில் ஓடும் அந்த இரண்டு பிள்ளைகளை.

ரொம்ப விசுவாசமாக எடுத்த படங்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். 'மோகமுள்' 1956-இல் சுதேசமித்திரனில் தொடராக வந்த தி. ஜானகிராமனின் நாவல். ஞான ராஜசேகரன் தன் முதல் படமாக 1995-இல் எடுத்தார், அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்றார். கும்பகோணம் இருக்கிறது, பாபு இருக்கிறான், யமுனா இருக்கிறாள், பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு அவ்வளவு நன்றாக இருக்கிறார். நாவல் மேல் உள்ள மரியாதை ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஆனால் ஜானகிராமன் ரங்கண்ணாவின் பாட்டை எழுதும்போது, நாம் ஒவ்வொருவரும் நம் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த சங்கீதத்தைக் கொண்டுவந்து அந்த வரிக்குள் வைத்துவிடுகிறோம். வடக்கிலிருந்து வந்த மராட்டியப் பாடகர்கள் பாடும் அந்த ராத்திரியைப் படிக்கும்போது என் காதில் கேட்ட குரலை யாரும் பாடியதில்லை, பாடவும் முடியாது. படத்துக்கு ஒரு நிஜக் குரல் வேண்டும். இளையராஜாவின் இசை அழகாகவே இருக்கிறது. ஆனாலும் அது ஒரே ஒரு பாட்டு, நாவலில் கேட்டது எல்லாப் பாட்டும். யமுனாவும் அப்படித்தான். பாபுவின் வியப்பு வழியாக மட்டுமே நமக்குத் தெரிந்த பேரழகை ஒரு நடிகையின் முகத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது, அந்த நடிகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாபு பார்த்த யமுனா இல்லை. அத்தனை வருஷத் தவிப்பும் இதற்காகத்தானா என்று அவள் கேட்கும் இடத்தில், நாவலில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, படத்தில் அது ஒரு வசனமாகக் கடந்துபோனது. இதற்கு இயக்குநர் மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்றைச் செய்த நாவல் அது.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' மாதிரி நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குண்டூர் போலீஸ் லாக்கப்பில் தான் பட்டதை ஓர் ஆட்டோ ஓட்டுநர் எழுதினார், 'விசாரணை' படத்தின் முதல் பாதி அதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் வேறொரு ஊர், வேறொரு ஆள், அதே லாக்கப் என்று தானாக வளர்ந்தது. அடிபடுகிறவனின் பக்கத்திலேயே கடைசி வரை உட்கார்ந்திருந்தது, அது போதும்.

எல்லாம் மாற்றலாம் என்று இவ்வளவு தூரம் சொல்லிவிட்டு மாற்றக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பெயரும் பணமும். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை படமாக்கும் உரிமை அவருக்கோ வாரிசுகளுக்கோ உரியது. கதையைக் கேட்டு வாங்குவது ஒரு சடங்கு இல்லை, எழுதியவன் சாப்பாடு. என் நண்பர் ஒருவரின் சிறுகதையில் வரும் ஒரு காட்சியை, அதில் வரும் ஆட்டுக்குட்டியின் கழுத்துமணி முதற்கொண்டு, ஒரு படத்தில் பார்த்தோம். பெயர் இல்லை, போன் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் கோபப்படக்கூட இல்லை, வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது "நல்லா எடுத்திருக்கான்ல" என்றார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு புதுமைப்பித்தன் பெயரைப் போட்ட மகேந்திரனை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. அதனால் 'பொன்னியின் செல்வ'னை யார் எப்படி மாற்றினாலும் தடுக்க ஆள் இல்லை. காவல் காக்கிறவர்கள் பெரியம்மா மாதிரி வாசகர்கள்தான்.

2023 ஏப்ரல் கடைசியில் இரண்டாம் பாகம் வந்தது. மறுபடியும் போனோம். சேந்தன் அமுதன் விஷயத்தைப் படம் முழுசாக விட்டுவிட்டது, ஆள் மாறாட்டம் எதுவும் இல்லை, செம்பியன் மாதேவியின் பிள்ளையாக வளர்ந்த மதுராந்தகனுக்கே மகுடம். பெரியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "அருள்மொழி விட்டுக்கொடுத்துட்டான்ல, அது இருக்கு" என்றார். கல்வெட்டையும் செப்பேட்டையும் வைத்துக் கல்கி எதைப் பிடித்துக்கொண்டாரோ அதையேதான் அவரும் பிடித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டபின் அவர் எழுந்திருக்கவில்லை. சனங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். "மணிமேகலை வரவே இல்லையேப்பா" என்றார்.

கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. வந்தியத்தேவனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அண்ணன் சொன்னதைக் கேட்டு மனசுக்குள் வைத்துக்கொண்டவள், அவனைக் காப்பாற்ற இளவரசனைக் கொன்ற பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் துணிந்தவள், கடைசியில் சித்தம் கலங்கியவள். இரண்டு படத்திலும் அப்படி ஒருத்தி இல்லை. திரைக்கதைக் கணக்கில் பார்த்தால் வெட்டத் தகுந்த பாத்திரம்தான், அவள் இல்லாமல் மகுடம் யாருக்கு என்ற கதை நடந்துவிடும். ஆனால் கல்கி ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தார், மூன்றரை வருஷம் எழுதிய கதையை மகுடத்தோடு முடிக்கவில்லை. எல்லோரும் எதையோ விட்டுக்கொடுத்துப் பெரியவர்கள் ஆனபின், எதுவுமே கிடைக்காத ஒரு சின்னப் பெண்ணிடம் போய் முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கைகால் கழுவிவிட்டு பீரோவைத் திறந்து ஐந்தாம் தொகுதியை எடுத்தார். தையல் விட்டுப்போய்க் கடைசிப் பக்கங்கள் தனியாக வந்திருந்தன, ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிரும் பக்குவத்தில் இருந்தன. விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு 'மலர் உதிர்ந்தது' என்ற அந்தக் கடைசி அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தியத்தேவன் மடியில் மணிமேகலையின் தலை சாய்ந்திருக்கும் இடம் வந்ததும் அவர் குரல் நின்றது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தொடர்ந்தார்.